அஞ்சல் போகவில்லை, வரவில்லை: கணினி மின்னஞ்சல் நிரலின் கோளாறைக் கண்டறியும் வழி

கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மின்னஞ்சல் நிரல், அது அவுட்லுக்காகவோ தண்டர்பேர்டாகவோ வேறெதுவாகவோ இருக்கலாம், திடீரென்று அஞ்சல் அனுப்ப மறுத்தாலோ புதிய அஞ்சல்களைக் கொண்டுவராமல் நின்றுவிட்டாலோ, பெரும்பாலோர் முதலில் கை வைப்பது கணக்கு அமைப்புகளில்தான். சர்வரில் (அஞ்சல் நிறுவனத்தின் கணினியில்) எந்த வாசல் வழியே நுழைவது என்று குறிக்கும் போர்ட் எண்ணை மாற்றிப் பார்ப்பார்கள், நடுவில் பிறர் படிக்காதபடி அஞ்சலை மறைக்கும் குறியாக்கத்தை நிறுத்திப் பார்ப்பார்கள், எதுவும் பலிக்காதபோது கணக்கையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பார்கள். நேற்று வரை ஒழுங்காக இயங்கிய நிரலில் நீங்கள் எதையும் தொடவில்லை என்றால் அமைப்புகள் தாமாக மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடவுச்சொல் மாறியிருக்கலாம், அஞ்சல் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி மாறியிருக்கலாம், ஆன்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம், சேமிப்பிடம் நிரம்பியிருக்கலாம். ஆகவே கோளாறு எந்த இடத்தில் என்று உறுதியாகும் வரை அமைப்புகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். சரியாக இருந்த ஒன்றையும் இடையில் கெடுத்துவிட்டால், உண்மையான காரணம் நீங்கிய பின்னும் நிரல் இயங்காது; அப்போது ஒன்றுக்கு இரண்டாகக் கோளாறு தேட வேண்டியிருக்கும்.

அமைப்புகளைத் திறப்பதற்குப் பதிலாக, திரையில் தோன்றும் பிழைச் செய்தியை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள் அல்லது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "ஏதோ எரர் வந்தது, மூடிவிட்டேன்" என்பதைக் கொண்டு எவராலும் உதவ முடியாது. அந்தச் செய்தியில் உள்ள மூன்று இலக்க எண், சர்வரின் பெயர், "நேரம் கடந்துவிட்டது" என்றோ "அனுமதி மறுக்கப்பட்டது" என்றோ வரும் சொற்கள் ஆகியவையே தேடலைப் பாதியாகக் குறைப்பவை.

முதலில் உலாவியில் திறந்து பாருங்கள்

அதே மின்னஞ்சல் கணக்கை இணைய உலாவியின் வழியாகத் திறந்து பார்ப்பது, இருக்கும் சோதனைகளிலேயே எளிமையானதும் பயன் மிகுந்ததும் ஆகும். அங்கேயும் உள்ளே நுழைய முடியவில்லை என்றால் கோளாறு உங்கள் நிரலில் இல்லை. கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம், கடவுச்சொல் மாறியிருக்கலாம், அல்லது சேவையே தற்காலிகமாக நின்றிருக்கலாம். உலாவியில் எல்லாம் சரியாக இருந்தால் கணக்கும் இணையத் தொடர்பும் நலமாக இருக்கின்றன என்று பொருள். இனித் தேட வேண்டியது உங்கள் நிரலுக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டுமே.

உலாவியில் இருக்கும்போதே வேறு இரண்டு விஷயங்களையும் பார்த்துவிடுங்கள். ஒன்று, சேமிப்பிடம். பல நிறுவனங்கள் அஞ்சலுக்கும் படங்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்து ஒரே அளவை ஒதுக்குகின்றன. கூகுளில் இலவசக் கணக்குக்கு அது 15 ஜிபி. அஞ்சல்பெட்டி சிறியதாக இருந்தாலும், கைபேசியிலிருந்து ஏறிக்கொண்டே இருந்த படங்களும் காணொளிகளும் அந்த இடத்தை நிரப்பியிருந்தால் அஞ்சல் போக்குவரத்து நின்றுவிடும். இரண்டு, பாதுகாப்பு எச்சரிக்கை. "புதிய இடத்திலிருந்து யாரோ உள்நுழைய முயன்றார்கள்" என்ற அறிவிப்பு அங்கே காத்திருந்தால், சர்வர் சந்தேகப்பட்டது உங்கள் நிரலையாகவே இருக்கலாம்.

அப்படியே நிரலுக்குத் திரும்பி, அது ஆஃப்லைன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் சாளரத்தின் கீழ் இடது மூலையில் உள்ள சிறிய குறியீட்டையும், பழைய வகை அவுட்லுக்கில் அனுப்புதல்/பெறுதல் பட்டையில் உள்ள ஆஃப்லைன் பொத்தானையும் தவறுதலாக அழுத்திவிடுவது மிக எளிது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், மணிக்கணக்கில் மற்றதையெல்லாம் ஆராய்ந்துவிட்டு இறுதியில் இங்கே வந்து நிற்பவர்கள் குறைவல்ல.

போவது ஒரு வழி, வருவது வேறு வழி

அஞ்சல் பெறுவதும் அனுப்புவதும் ஒரே நிரலுக்குள் நடந்தாலும், அவை இரண்டும் தனித்தனிப் பாதைகள். பெறுவதற்கு ஐமேப் (அஞ்சல்களைச் சர்வரிலேயே வைத்துக் காட்டுவது) அல்லது பாப் (அவற்றைக் கணினிக்கு இறக்கிக்கொள்வது) என்ற நெறிமுறை; அனுப்புவதற்கு எஸ்எம்டிபி. சர்வரின் பெயர் வேறு, போர்ட் எண் வேறு, சேமித்து வைக்கப்படும் கடவுச்சொல்கூட நிரலுக்குள் தனித்தனியாகவே இருக்கும். தண்டர்பேர்டில் இது கண்ணுக்கே தெரியும்: பெறும் சர்வரின் விவரம் அந்தந்தக் கணக்கின் கீழ் இருக்க, அனுப்பும் சர்வர்களின் பட்டியல் மட்டும் அமைப்புகளின் அடியில் தனியாக இருக்கும். இதைக் கவனிக்காமல், பெறும் பக்கத்தில் கடவுச்சொல்லைத் திருத்திவிட்டு, அனுப்பும் பக்கம் ஏன் இன்னும் வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்கள் நிறைய.

ஆகவே அடுத்த கேள்வி: இரண்டும் நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா? அஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் போகவில்லை என்றால் இணையத் தொடர்பைச் சந்தேகிக்கத் தேவையில்லை; அனுப்பும் சர்வரின் அங்கீகாரம் (உள்நுழைவுச் சரிபார்ப்பு), போர்ட், அவுட்பாக்ஸில் சிக்கிய அஞ்சல், நாள் வரம்பு ஆகியவற்றைப் பாருங்கள். போகிறது, ஆனால் வரவில்லை என்றால் சேமிப்பிடம், வடிகட்டி விதிகள், கணினியில் உள்ள கோப்பின் பழுது ஆகியவை முன்னுக்கு வருகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் கடவுச்சொல், பாதுகாப்பு விதி, ஆன்டிவைரஸ், இணையப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஃபயர்வால் ஆகிய பொதுக் காரணங்களில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரே நிரலில் பல கணக்குகள் இருந்து அவற்றில் ஒன்று மட்டும் நின்றிருந்தால், நிரலையும் கணினியையும் விட்டுவிட்டு அந்தக் கணக்கை மட்டும் ஆராயுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்படுவது

அண்மைக் காலத்தில் நிரல்கள் திடீரென்று நின்றுபோனதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றுகிறது. சரியான சொல்லைத் தட்டுகிறீர்கள். ஓரிரு நொடியில் அதே பெட்டி மீண்டும் வந்து நிற்கிறது. அதே கடவுச்சொல் உலாவியில் செல்லுபடியாகிறது. இந்த நிலையில் கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் தட்டுவதாலோ அதை மாற்றுவதாலோ பயன் இல்லை. சர்வர் மறுப்பது உங்கள் கடவுச்சொல்லை அல்ல, வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு உள்நுழையும் அந்த முறையையே.

கூகுள் தனிநபர் கணக்குகளில் இந்தப் பழைய முறைக்கான அனுமதியை 2022 மே 30 முதல் விலக்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் தன் நிறுவனக் கணக்குகளில் 2022 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகவும், அவுட்லுக் புள்ளி காம் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 அன்றும் அதை நிறுத்தியது. இப்போது அவை எதிர்பார்ப்பது ஓஆத் என்னும் முறையை. அதில் நிரல் உங்கள் கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. நிறுவனத்தின் சொந்த உள்நுழைவுப் பக்கம் ஒரு சிறு சாளரமாகத் திறக்கும், அங்கே நீங்கள் ஒப்புதல் தந்ததும் நிரலுக்கு ஓர் அனுமதிச் சீட்டு வழங்கப்படும். தண்டர்பேர்டில் இதைப் பெற, கணக்கின் சர்வர் அமைப்பில் அங்கீகார முறை என்ற இடத்தில் "சாதாரணக் கடவுச்சொல்" என்றிருப்பதை "ஓஆத் 2" என்று மாற்ற வேண்டும். முன்பு சொன்னபடி இதைப் பெறும் சர்வருக்கும் அனுப்பும் சர்வருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நிரலின் தனியுரிமைப் பகுதியில் குக்கிகள் முழுவதுமாகத் தடுக்கப்பட்டிருந்தால் அந்த உள்நுழைவுச் சாளரம் திறந்தும் பயனின்றி வெறுமையாகவே நிற்கும்; அவற்றை அனுமதித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

உங்கள் நிரல் மிகப் பழையது, அதில் ஓஆத் என்ற தெரிவே இல்லை என்றால் ஆப் பாஸ்வேர்டு என்னும் தனிக் கடவுச்சொல் உதவக்கூடும். கூகுள், யாஹூ போன்றவை இதை அனுமதிக்கின்றன. கூகுளில் முதலில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகே இந்தத் தெரிவு கிடைக்கும்; அது தரும் 16 எழுத்துகளையும் உங்கள் வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாக நிரலில் இட வேண்டும். திரையில் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டினாலும் நடுவிலுள்ள இடைவெளிகள் கடவுச்சொல்லின் பகுதி அல்ல. கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் ஏற்கெனவே உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகளும் செல்லாமல் போகும். எனவே கடவுச்சொல்லை மாற்றிய மறுகணம் நிரல் நின்றுவிட்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சொந்த டொமைன் பெயரில், வாடகை சர்வரில் அஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை சற்று வேறு. அங்கே பெரும்பாலும் பழைய கடவுச்சொல் முறையே இன்னும் செல்லும். ஆனால் பயனர்பெயர் என்ற இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரியையும் இட வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். இன்னொன்று, இதைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கடினம்: நீங்கள் கணினியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்கள், ஆனால் கைபேசி பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. தொடர்ந்து தவறான முயற்சிகள் வருவதைக் கண்ட சர்வர், அவை புறப்படும் ஐபி முகவரியையே (இணையத்தில் உங்கள் தொடர்பை அடையாளம் காட்டும் எண்ணையே) சிறிது நேரம் தடை செய்துவிடுகிறது. கைபேசியும் கணினியும் ஒரே ரவுட்டரின் பின்னால் இருப்பதால் குற்றமற்ற கணினியும் சேர்த்துத் தடுக்கப்படுகிறது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்ததும் அஞ்சல் வருகிறது, வைஃபைக்குத் திரும்பியதும் நிற்கிறது என்றால் இந்தத் தடையை உறுதியாகச் சந்தேகிக்கலாம். எல்லாச் சாதனங்களிலும் கடவுச்சொல்லைத் திருத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது தடையை நீக்குமாறு சர்வர் நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

போர்ட், குறியாக்கம்

அங்கீகாரம் சரி என்று உறுதியான பிறகே எண்களுக்கு வாருங்கள். குறியாக்கத்துடன் பெறுவதற்கு ஐமேப் என்றால் 993, பாப் என்றால் 995. அனுப்புவதற்கு 465 அல்லது 587. இவற்றில் 465 என்பது தொடர்பு ஏற்பட்ட முதல் கணத்திலிருந்தே டிஎல்எஸ் குறியாக்கத்தில் இயங்குவது. 587 சாதாரணமாகத் தொடங்கி, ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்ற கட்டளைக்குப் பின் குறியாக்கத்துக்கு மாறுவது. இந்த இரண்டையும் மாற்றிப் பொருத்தினால், அதாவது 465 என்று எண் கொடுத்துவிட்டு ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்று தேர்ந்தெடுத்தால், தெளிவான பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் சர்வரின் வாழ்த்துக்காகக் காத்திருக்கும், சர்வர் நிரலின் குறியாக்கத் தொடக்கத்துக்காகக் காத்திருக்கும். இரு பக்கமும் பேசாமல் இருந்து இறுதியில் "நேரம் கடந்துவிட்டது" என்று மட்டும் செய்தி வரும். ஃபயர்வால் தடுத்தாலும் இதே செய்திதான் வரும் என்பதால், பலர் இந்த இடத்தில் தவறான திசைக்குச் சென்றுவிடுகிறார்கள்.

பழைய குறிப்புகளைப் பார்த்து 25 என்ற போர்ட்டைப் பயன்படுத்துபவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது. அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையே அஞ்சல் பரிமாறுவதற்கானது. வைரஸ் தொற்றிய கணினிகளிலிருந்து எரித (ஸ்பாம்) அஞ்சல்கள் வெளியேறாமல் தடுக்க, இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பல அந்தப் போர்ட்டை அடைத்து வைத்திருக்கின்றன. வீட்டில் போகும் அஞ்சல் விடுதியிலோ அலுவலகத்திலோ போகவில்லை என்றால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகள் 2021 மார்ச்சில் முறைப்படி வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டுவிட்டன. தண்டர்பேர்ட் 2020 இல் வெளியான 78 ஆம் பதிப்பிலிருந்தே அவற்றை இயல்பு நிலையில் நிறுத்திவிட்டது. இதனால் இரு திசையிலும் பொருந்தாமை வரும்: நிரல் புதியது, சர்வர் பழையது என்றால் நிரல் மறுக்கும், சர்வர் புதியது, இயங்குதளமும் நிரலும் பழையவை என்றால் சர்வர் மறுக்கும். நிரலைப் புதுப்பித்த மறுநாளே ஒரு கணக்கு மட்டும் நின்றுபோனால் முதல் வகையாக இருக்கக்கூடும். அமைப்புகளில் பழைய பதிப்பை அனுமதிக்க வழி இருந்தாலும், சர்வரை நடத்துபவரிடம் புதுப்பிக்கச் சொல்வதே முறை.

சான்றிதழ் எச்சரிக்கை

சர்வரின் சான்றிதழ் நம்பத்தக்கதல்ல என்ற எச்சரிக்கை வந்தால் உடனே "விதிவிலக்கு சேர்" என்பதை அழுத்தாதீர்கள். முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகள், மின்சாரம் துண்டிக்கப்பட்டு மீளும்போது சில ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகின்றன; அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வந்திருக்காது. தேதி சரி என்றால் எச்சரிக்கைப் பெட்டியில் சான்றிதழை வழங்கியவர் யார் என்று படியுங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அஞ்சல்களைச் சோதிப்பதற்காக அது நிரலுக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று தன் சான்றிதழை நீட்டுகிறது என்று பொருள். ஆன்டிவைரஸை நீக்கத் தேவையில்லை, அதன் அமைப்புகளில் அஞ்சல் சோதனை என்ற பகுதியை மட்டும் நிறுத்தினால் போதும். வாடகை சர்வரில் சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்குப் பெயர் பொருந்தாமை வருவது இயல்பு: சான்றிதழ் சர்வர் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நீங்கள் இட்டிருப்பதோ உங்கள் டொமைன் பெயராக இருக்கும். சர்வரின் உண்மைப் பெயரை அந்த நிறுவனத்திடம் கேட்டு அதையே இட்டால் எச்சரிக்கை நின்றுவிடும். இவற்றில் எதுவும் பொருந்தாமல், அறிமுகமில்லாத பொது வைஃபையில் மட்டும் இந்த எச்சரிக்கை தோன்றினால், அங்கே அஞ்சல் பார்க்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பாதை திறந்திருக்கிறதா

எல்லாம் சரியாகத் தெரிந்தும் "நேரம் கடந்துவிட்டது" என்றே வந்தால், நிரலை ஒதுக்கிவிட்டு அந்த சர்வரின் அந்தப் போர்ட் வரை உங்கள் கணினியால் போய்ச் சேர முடிகிறதா என்று தனியாகச் சோதிக்கலாம். விண்டோஸில் பவர்ஷெல்லிலும், லினக்ஸில் முனையத்திலும் இதற்கான கட்டளைகள் உண்டு. டெல்நெட் என்ற பழைய கருவியும் போதும். சர்வரின் பெயரையும் 587 என்ற எண்ணையும் கொடுத்து டெல்நெட் வழியாகத் தொடர்புகொண்டால், பாதை திறந்திருக்கும் நிலையில் 220 என்று தொடங்கும் ஒரு வரி திரையில் தோன்றும். அதுவே சர்வரின் வணக்கம். அந்த வரி வந்துவிட்டால் இணையம், ரவுட்டர், ஃபயர்வால் எல்லாம் வழிவிட்டிருக்கின்றன. கோளாறு நிரலுக்குள் அல்லது கணக்கில். நீண்ட நேரம் ஒன்றும் வராமல் முறிந்தால் நடுவில் ஏதோ தடுக்கிறது: விபிஎன் இயங்கினால் அதை நிறுத்திப் பாருங்கள், வேறு இணையத் தொடர்பில் முயலுங்கள், ஃபயர்வாலில் உங்கள் நிரலுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் கோளாறு.

அவுட்பாக்ஸில் சிக்கிய ஓர் அஞ்சல்

சில நேரங்களில் பாதை, கணக்கு, கடவுச்சொல் எல்லாம் சரியாகவே இருக்கும். அவுட்பாக்ஸில் முதலாவதாக நிற்கும் ஒரே ஓர் அஞ்சல் போக மறுத்து, தனக்குப் பின்னால் இருக்கும் அனைத்தையும் மறித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது பெரிய இணைப்புக் கோப்பு கொண்டதாக இருக்கும். மின்னஞ்சலில் கோப்புகள் அப்படியே போவதில்லை. எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக விரிகின்றன, வரி முறிவுகளும் சேர்கின்றன. ஆகவே 20 எம்பி கோப்பு ஒன்று வழியில் 27 எம்பியாகிவிடும். சர்வரின் வரம்பு 25 எம்பி என்றும், அது விரிந்த பின் உள்ள அளவுக்கு விதிக்கப்பட்டது என்றும் இருந்தால், "20 தானே" என்று நினைத்து அனுப்பியவருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பதே புரியாது. அத்தகைய வரம்பில் 18 எம்பிக்கு மேல் முயலாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் உள்ளதை மேகச் சேமிப்பில் ஏற்றிச் சுட்டியை அனுப்பலாம்.

சிக்கிய அஞ்சலை நீக்க முயன்றால், அது அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லி நிரல் மறுக்கக்கூடும். முதலில் நிரலை ஆஃப்லைன் நிலைக்குக் கொண்டுசெல்லுங்கள், பிறகு மூடித் திறந்து, அந்த அஞ்சலை வரைவுகள் பகுதிக்கு இழுத்துவிடுங்கள். மற்ற அஞ்சல்கள் போகின்றனவா என்று பார்த்த பின் இதைத் திறந்து, கோப்பின் அளவோடு பெறுநர் முகவரியையும் பாருங்கள். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய முகவரியின் நடுவிலோ கடைசியிலோ கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியோ ஒரு காற்புள்ளியோ ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு அஞ்சலும் மறுக்கப்படும். முகவரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுவதே இதற்கு மருந்து.

சர்வர் சொல்லும் எண்கள்

அனுப்பும் சர்வர் தரும் மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கமே பாதி விடை. 4 என்று தொடங்கினால் தற்காலிக மறுப்பு, சிறிது நேரம் கழித்து முயலலாம். 5 என்று தொடங்கினால் நிலையான மறுப்பு, எதையாவது மாற்றாமல் மீண்டும் அனுப்புவதில் பயன் இல்லை. 421 என்பது சர்வர் இப்போது சேவை தர இயலாத நிலை. 535 என்பது அங்கீகாரத் தோல்வி, அதாவது மேலே கடவுச்சொல் பற்றிச் சொன்னவை. 530 என்றால் அங்கீகாரம் கேட்கப்படுகிறது, ஆனால் உங்கள் நிரல் எதையும் தரவில்லை; அனுப்பும் சர்வரின் அமைப்பில் அங்கீகாரம் "இல்லை" என்றிருக்கும். 552 அளவு அல்லது சேமிப்பிட வரம்பைக் குறிக்கும். 550 பல பொருள் கொண்டது: பெறுநரின் முகவரியே இல்லாமல் இருக்கலாம், "ரிலே" (அஞ்சலை வேறு சர்வருக்குக் கடத்தித் தருதல்) அனுமதி இல்லை என்று கூடவே வந்தால் நீங்கள் உள்நுழையாமல் அனுப்ப முயன்றிருக்கலாம், அல்லது அனுப்புநர் முகவரியும் உள்நுழைந்த கணக்கும் வெவ்வேறாக இருப்பதை சர்வர் ஏற்காமல் இருக்கலாம். ஒரே நிரலில் இரண்டு மூன்று கணக்குகள் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கின் முகவரியை மற்றொன்றின் சர்வர் வழியே அனுப்பிவிடுவது அடிக்கடி நடப்பது.

குழுவாகப் பலருக்கு அனுப்பியவுடன் மறுப்பு தொடங்கினால் நாள் வரம்பை நினைவில் கொள்ளுங்கள்; ஜிமெயில் தனிநபர் கணக்கில் ஒரு நாளைக்கு 500 என்ற அளவு உண்டு. அதைத் தாண்டினால் அமைப்புகளில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். அஞ்சல் போன சிறிது நேரத்தில் "மெயிலர் டீமன்" என்ற பெயரில் திரும்பி வரும் அஞ்சலை நிரலின் கோளாறாக எண்ண வேண்டாம். உங்கள் நிரல் தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று, மறுத்தது எதிர்ப்பக்கம்.

வந்தும் காணாமல் போவது, கணினிக்குள் உள்ள பழுது

உலாவியில் தெரியும் அஞ்சல் நிரலில் தெரியவில்லை, ஆனால் பிழைச் செய்தியும் இல்லை என்றால், அது வந்து வேறிடத்தில் அமர்ந்திருக்கலாம். எரிதப் பகுதி, வடிகட்டி விதி நகர்த்திய வேறு கோப்புறை, "படிக்காதவை மட்டும்" என்று சுருக்கப்பட்ட பார்வை, தேதிக்குப் பதில் அனுப்புநர் பெயரால் அடுக்கப்பட்ட வரிசை ஆகியவற்றைப் பாருங்கள். உலாவியிலும் இல்லை, நிரலிலும் இல்லை என்றால், வேறொரு சாதனத்தில் அதே கணக்கு பாப் முறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சர்வரில் நகல் வைக்குமாறு சொல்லப்படாத பாப் நிரல், அஞ்சலை எடுத்துக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடும். பாப் முறையில் குறிப்பிட்ட ஓர் அஞ்சலோடு பதிவிறக்கம் ஒவ்வொரு முறையும் நின்றால், உலாவியில் அந்த அஞ்சலை வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் மற்றவை தொடர்ந்து இறங்கும்.

அடுத்தது வட்டில் உள்ள கோப்பு. வட்டு நிரம்பியிருந்தால் அஞ்சல் இறங்காது. அவுட்லுக்கின் மிகப் பழைய வகைத் தரவுக் கோப்பு 2 ஜிபியை எட்டினால் நின்றுவிடும். புதிய வகைக்கு இயல்பான உச்சவரம்பு 50 ஜிபி. அவுட்லுக்குடன் வரும் இன்பாக்ஸ் பழுதுநீக்கும் கருவியை ஓட்டுவதற்கு முன் அந்தக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டில் ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் அனைத்தும் வழக்கமாக ஒரே பெரிய கோப்பில் இருக்கும். அதில் ஒரே ஓர் அஞ்சலில் வைரஸ் இருந்தாலும், ஆன்டிவைரஸ் முழுக் கோப்பையும் தனிமைப்படுத்திவிடக்கூடும். இன்பாக்ஸ் ஒரே இரவில் காலியானதாகத் தோன்றினால் அழிந்துவிட்டது என்று முடிவு செய்யும் முன் ஆன்டிவைரஸின் தனிமைப் பகுதியைத் திறந்து பாருங்கள், பிறகு தண்டர்பேர்டின் தரவுக் கோப்புறைக்கு விலக்கு அளியுங்கள். பட்டியல் மட்டும் குழம்பியிருந்தால், கோப்புறையின் பண்புகளில் உள்ள பழுதுநீக்கும் பொத்தான் அட்டவணையை மீண்டும் உருவாக்கித் தரும்.

துணைநிரல்கள் காரணமா என்பதை அறிய, அவுட்லுக்கின் பாதுகாப்பு முறையிலோ தண்டர்பேர்டின் பழுதாய்வு முறையிலோ நிரலைத் திறந்து முயலலாம். அதில் சரியாக இயங்கினால் துணைநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கணக்கை நீக்கிச் சேர்ப்பதைக் காட்டிலும், புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கி அதே கணக்கை அங்கே சேர்த்துப் பார்ப்பது மேல். பழையது அப்படியே இருக்கும். ஐமேப் கணக்கு என்றால் அஞ்சல்கள் சர்வரில் இருப்பதால் நீக்கினாலும் பெரும்பாலும் இழப்பு இல்லை. பாப் கணக்கு என்றால் பல ஆண்டு அஞ்சல்கள் உங்கள் வட்டில் மட்டுமே இருக்கலாம். முழு நகல் எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் தீராமல் நிறுவனத்தின் உதவிப் பிரிவை நாட வேண்டியிருந்தால், பிழைச் செய்தியின் சொற்கள், நடந்த நேரம், உலாவியில் கிடைத்த முடிவு, வேறு இணையத் தொடர்பில் கிடைத்த முடிவு, போர்ட் சோதனையில் 220 வந்ததா இல்லையா என்பவற்றை ஒரே மடலில் எழுதுங்கள். நிரலின் பதிவுக் கோப்பை அவர்கள் கேட்டால், அனுப்பும் முன் அதைத் திறந்து, அங்கீகாரம் நடக்கும் வரிகளை அழித்துவிடுங்கள். அங்கே பொருளற்ற எழுத்துக் கோவையாகத் தெரிவது குறியாக்கம் செய்யப்பட்டதாக இல்லாமல், இணைப்புக் கோப்புகளுக்குப் பயன்படும் அதே எழுத்து மாற்றமாக மட்டுமே இருக்கக்கூடும். அப்படியானால் எவரும் ஒரு நொடியில் அதை உங்கள் கடவுச்சொல்லாகத் திருப்பிவிடலாம்.